தொண்ணூற்றேழரை சதவீதம்

கல்லூரியின் பின்வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது, சேர்ந்த முதல் வாரத்திலேயே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். பக்க எண் போடாத நூறு தாளைக் கொண்டுவந்து, மின்விசிறிக் காற்றில் பறக்கவிட்டு, எது முதல் பக்கம் என்று அவளையே கேட்டால் கோபம். நாளைக்குக் கடைசி நாள் என்று இன்றைக்குச் சாயங்காலம் வந்து நின்றால் அதைவிடக் கோபம். ஆனாலும் கூட்டம் அங்கேதான் மொய்க்கும். அவள் திட்டுவாள், திட்டிக்கொண்டே வேலையை முடித்துக் கையில் கொடுத்துவிடுவாள். வேறு கடைகளில் சிரித்துக்கொண்டே நாளைக்கு வா என்பார்கள்.

சமூகவியல் துறைப் பிள்ளைகள்தான் அவளுக்குப் பெரிய வாடிக்கை. அந்தத் துறையில் ஒரு சட்டம் உண்டு. கட்டுரை எழுதினால் கடைசிப் பக்கத்தில் குறைந்தது பதினைந்து ஆதாரம் காட்ட வேண்டும். துறைத்தலைவர் தாளைத் திருப்பி, விரல் வைத்துப் பதினைந்தை எண்ணிவிட்டுக் கையெழுத்துப் போடுவார். அந்தப் பதினைந்தும் என்ன சொல்கின்றன, யார் சொன்னது, யாரைக் கேட்டுச் சொன்னது என்று பார்க்க அவருக்கு நேரமில்லை. பிள்ளைகளும் லேசுப்பட்டவர்களா? போன வருஷத்துக் கட்டுரையை வாங்கி, அதன் பட்டியலை வரிசை மாற்றி எழுதி, அந்தக் கட்டுரையையும் ஓர் ஆதாரமாகச் சேர்த்துக்கொள்வார்கள். பதினாறு ஆகிவிடும். சுத்தமான ஈயடிச்சான் காப்பி.

போன வருஷத்துக் கட்டுரை எங்கே கிடைக்கும்? அக்காவிடம்தான். கடை மேசைக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி வைத்திருந்தாள். பார்க்க லட்சணமாக இருக்கும் கட்டுரையை எல்லாம் கூடுதலாக ஒரு பிரதி எடுத்து அதில் போட்டுவைப்பாள். மாதிரி கேட்டு வருகிற பிள்ளைக்குச் சும்மா கொடுப்பாள், கசக்காமல் திருப்பிக் கொண்டு வா என்ற ஒரு திட்டோடு. பதினோரு வருஷத்தில் அந்தப் பெட்டியிலிருந்து ஒன்றையாவது அவள் படித்துப் பார்த்ததில்லை. துளை போடுவாள், கம்பி கோப்பாள், அட்டை மாட்டுவாள். உள்ளே இருப்பது படித்தவர்கள் பாடு என்று இருந்துவிட்டாள்.

அவள் வீடு கல்லூரிச் சுவரை ஒட்டிய சந்தில். இரண்டு பக்கமும் மூன்று மாடிக் கட்டடம், மொத்தம் நாற்பது வீடு, எல்லாம் பழசு. குழாய் கீழ்த்தளத்தில் மட்டும். அவள் இரண்டாம் மாடி. எதிர்க் கட்டடத்தில் அதே இரண்டாம் மாடியில் அவள் வீட்டுக்காரரின் அக்கா தனியாக இருக்கிறாள். இரண்டு ஜன்னலுக்கும் நடுவே எட்டடி. வீட்டுக்காரர் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். ஆகவே அவளுக்குப் பேச்சுத்துணை, சண்டைத்துணை எல்லாம் அந்த நாத்தனார்தான். காலையில் ஜன்னலைத் திறந்தால் அண்ணி முகம், ராத்திரி சாத்தும்போதும் அண்ணி முகம்.

ஒரு திங்கட்கிழமை காலை அந்தச் சந்தின் இரண்டு கட்டடத்திலும் நகராட்சி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கட்டடங்கள் பழுதானவை, இடித்துவிட்டு அந்த இடத்தை வேறு பயன்பாட்டுக்கு எடுக்கப்போகிறார்கள், குடியிருப்போருக்கு ஊரின் மறுகோடியில் மாற்று வீடு. அதற்கு அடியில் ஒரு வரி: "பல்வேறு ஆய்வுகளின்படி, குடியிருப்போரில் 97.5 சதவீதத்தினர் வெளியேற விருப்பம் தெரிவித்துள்ளனர்." மறுப்பு இருந்தால் அடுத்த திங்களன்று ஆதாரத்தோடு நேரில் வரவேண்டும்.

சந்தே கொதித்தது. யார் விருப்பம் தெரிவித்தது, எப்போது தெரிவித்தது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். எல்லோரையும்விட அதிகமாகக் கத்தியது அக்காதான். கடை பத்து எட்டு நடையில் இருக்கிறது, வீடு பின்னால் இருக்கிறது, ஊரின் மறுகோடிக்குப் போனால் இரண்டு பஸ் மாறி வந்து கடை திறக்க முடியுமா? பிழைப்பில் மண்ணைப் போட எவனோ துணிந்துவிட்டான் என்று கூவினாள். விருப்பம் என்று எழுதியவன் கையில் கிடைத்தால் ஸ்டேப்ளரை எடுத்து வாயிலேயே அடிப்பேன் என்று நடுச்சந்தில் நின்று சொன்னாள்.

அந்தக் கொதிப்போடு கடைக்கு வந்தவளிடம் சோடாபுட்டி ஒரு கட்டுரையை நீட்டினாள். இறுதியாண்டுப் பெண், தடித்த கண்ணாடி, கேட்ட கேள்வியையே நாலு தடவை கேட்கும் சுபாவம். அக்காதான் அந்தப் பெயரை வைத்தவள். துளை போடத் தாளை அடுக்கும்போது நடுப்பக்கத்தில், அவள் சந்தின் பெயருக்குப் பக்கத்தில், ஓர் எண் அவள் கண்ணில் பட்டது. தொண்ணூற்றேழு புள்ளி ஐந்து.

தாளைப் படாரென்று மேசையில் போட்டாள். "யாரைக் கேட்டு எழுதினே இதை?"

சோடாபுட்டி முதலில் பயந்தாள். பிறகு, தனக்கு ஒன்பது ஆதாரம் இருக்கிறது என்றாள். ஒன்பது கட்டுரை, ஒன்பதிலும் அதே எண். ஒன்பது பேர் சொன்னால் பொய்யாகவா இருக்கும்? அக்கா மேசைக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துத் தரையில் கவிழ்த்தாள். அந்த ஒன்பதும் அதற்குள்தான் இருந்தன.

இரண்டு பேரும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்து புரட்டினார்கள். போன வருஷத்துக் கட்டுரை அந்த எண்ணுக்கு முந்திய வருஷத்துக் கட்டுரையைக் கைகாட்டியது. அது அதற்கு முந்தியதை. அது அதற்கும் முந்தியதை. ஒன்பது பேர் சொன்னதாக இருந்தது ஒருவன் சொன்னதை எட்டுப் பேர் திருப்பிச் சொன்னதாக முடிந்தது. வழியில் வார்த்தையும் மாறியிருந்தது. ஒன்றில் "செல்லத் தயார்" என்றிருந்தது அடுத்ததில் "செல்ல விருப்பம்" ஆகி, அதற்கடுத்ததில் "வெளியேற விருப்பம்" ஆகியிருந்தது. எண்ணை மட்டும் ஒருவரும் தொடவில்லை. அக்கா ஒவ்வொன்றையும் படித்து, எழுதியவனின் பரம்பரையையே இழுத்துத் திட்டிவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

கடைசியாக வந்தது பழுப்பு அட்டை போட்டது, பதினோரு வருஷம் முந்தையது. கடை திறந்த புதிதில் அவள் கட்டிய முதல் கட்டுரை. அதன் பின்னால் நாற்பது வினாத்தாள் அப்படியே இணைத்திருந்தது. சோடாபுட்டி அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசிக் கேள்வி: இதைவிட வசதியான வீடு கிடைத்தால் செல்வீர்களா? முப்பத்தொன்பதில் ஆம். ஒன்றில் இல்லை.

"அக்கா, நாற்பதுலயும் ஒரே தேதி. மூணு மணியிலிருந்து அஞ்சு மணிக்குள்ள நாற்பது வீடு முடிச்சிருக்காங்க. பகல்ல யாரு வீட்ல இருப்பாங்க? எப்படி முடியும்?"

அக்கா அந்த 'இல்லை'யைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்க் கட்டடம், இரண்டாம் மாடி. அந்தத் தேதி அவளுக்கு நினைவுக்கு வந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தேதியில் அடைமழை. ஐந்து பிள்ளைகள் நனைந்துகொண்டு கடையில் ஒதுங்கின. மறுநாள் காலை கட்டுரை கொடுக்க வேண்டும், சந்தில் எல்லா வீடும் பூட்டியிருக்கிறது, ஒரு பெண் அழவே ஆரம்பித்துவிட்டாள். புதுக் கடை, முதல் வாடிக்கை. அக்காவுக்கு மனசு இளகிவிட்டது. உட்காருங்கள், இந்தச் சந்தில் எனக்குத் தெரியாத வீடு எது, நானே சொல்கிறேன் என்று சொல்லித் துண்டு கொடுத்தாள், டீ கொடுத்தாள், நாற்பது வீட்டுக்கும் பதில் கொடுத்தாள். எத்தனை பேர், என்ன வேலை, எத்தனை வருஷமாகக் குடியிருப்பு, எல்லாம் அச்சுப் பிசகாமல் சரியாகச் சொன்னாள். கடைசிக் கேள்விக்குச் சிரித்துவிட்டு, வசதியான வீடு கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள், எல்லாவற்றுக்கும் ஆம் போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். எதிர்வீட்டு முறை வந்தபோது மட்டும், எங்கள் அண்ணியைக் குண்டுக்கட்டாகத் தூக்கினாலும் அந்த ஜன்னலை விட்டு நகரமாட்டார், அவருக்கு இல்லை என்று போடு என்றாள். பிள்ளைகளும் சிரித்தன.

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அள்ளி விட்டிருந்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்தது. இப்போது அது அவளுக்கே பலித்துவிட்டது.

"நான்தான்" என்றாள். "நாற்பது வீட்டுக்கும் நான்தான் சொன்னேன்."

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். திட்டியிருந்தாலாவது திருப்பித் திட்டியிருக்கலாம்.

மறுநாள் அக்கா துறைத்தலைவர் அறைக்குப் போனாள். நகராட்சி இந்தச் சந்தைப் பற்றி ஏதாவது ஆய்வு இருக்கிறதா என்று கல்லூரிக்கு எழுதிக் கேட்டதையும், அவர் ஒன்பது கட்டுரையைச் சுருக்கி ஒரு பக்கமாக அனுப்பியதையும் அவரே பெருமையாகச் சொன்னார். அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் நாற்காலியில் சாய்ந்து, அதெல்லாம் பிள்ளைகள் பயிற்சிக்காக எழுதுவதம்மா, யாரும் நம்ப வேண்டும் என்று எழுதுவதில்லை என்றார். நம்ப வேண்டாததை ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்டாள். அவர்கள் ஆதாரம் கேட்டார்கள், எண்ணிக்கை சரியாக இருந்தது, அனுப்பினேன் என்றார். அவள் மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தாள். எடுக்கவில்லை. எடுக்காததற்கு அப்புறம் ரொம்ப நாள் வருத்தப்பட்டாள்.

படியிறங்கும்போது அவளுக்கே உறைத்தது. அந்த மனுஷன் எண்ணிப் பார்த்ததோடு விட்டுவிட்டான் என்றால், அவள் எண்ணிக்கூடப் பார்க்காமல் பதினோரு வருஷம் அந்தக் கட்டுரைகளைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறாள்.

சோடாபுட்டிதான் வழி சொன்னாள். புதிதாக நாற்பது வினாத்தாள். கேள்வி இரண்டே இரண்டு: இங்கேயே இருக்க விரும்புகிறீர்களா, மாற்று வீட்டுக்குப் போக விரும்புகிறீர்களா? அடியில் 'ஏன்' என்று ஒரு கோடு, கையெழுத்துக்கு ஒரு கோடு. அந்தந்த வீட்டில் குடியிருப்பவர்களே எழுத வேண்டும், அக்கா வாயைத் திறக்கக் கூடாது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்பதையும் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டுத்தான் தாளைக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை நகராட்சியில் யாராவது அதைக் கிளப்பினால் எல்லாம் கவிழ்ந்துவிடும். அக்கா அந்தப் பெண்ணை எரித்துவிடுவதைப் போலப் பார்த்தாள். ஆனால் வேறு வழி அவளுக்கும் தெரியவில்லை.

மூன்று நாள் சாயங்காலம் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். வெல்டர் வீட்டில் சிரித்தார்கள். தையல்காரர் வீட்டில் கதவைப் பாதி சாத்திக்கொண்டே பேசினார்கள். ஒரு வீட்டில், உன் வாய் நீளம் தெரிந்த கதைதானே என்றார்கள். எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டாள். விழுங்க முடியாதது வேறு. முதல் நாளே மூன்று வீட்டில் போக விருப்பம் என்று எழுதிவிட்டார்கள். அவள் நாற்பதும் ஒரே பக்கம் விழும் என்று நம்பி ஏறியவள். முதல் மாடி நர்ஸ் வீட்டில் பொறுக்க முடியாமல், நம் சந்தை விட்டுப் போக யாருக்குத்தான் மனசு வரும், இங்கே ஒரு டிக் போடு என்று விரல் வைத்து இடத்தையே காட்டிவிட்டாள்.

நர்ஸ் பேனாவை மூடினாள். "அக்கா, அப்பவும் எங்களைக் கேக்காமலே பதில் சொன்னீங்க. இப்ப பதிலைச் சொல்லிட்டுக் கேக்க வந்திருக்கீங்க. என்ன வித்தியாசம்?"

அக்கா தாளை அவள் மடியில் வைத்துவிட்டு வெளியே போய்ப் படிக்கட்டில் நின்றாள். காது இரண்டும் சுட்டது. நர்ஸ் எழுதிய தாளும் போக விருப்பம் என்றே வந்தது. பிள்ளைக்கு ஈளை இருமல், சுவரில் ஈரம் என்று காரணம் எழுதியிருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் முப்பத்தொன்பது வந்துவிட்டன. இருபத்தேழு இருக்க, பன்னிரண்டு போக. அக்கா பன்னிரண்டையும் தனியாகப் பிரித்து ஜெராக்ஸ் மெஷினின் தாள் தட்டுக்கு அடியில் செருகினாள். வெளியூர் போயிருந்தார்கள், ஆள் கிடைக்கவில்லை என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? நன்றி கெட்ட ஜென்மங்கள், முப்பது வருஷம் குடித்த தண்ணீரை மறந்தவர்கள் என்று வாய் ஓயாமல் திட்டினாள். மீதி ஒரு தாள்தான். எதிர்வீட்டை வேண்டுமென்றே கடைசியாக வைத்திருந்தாள். கசந்த வாய்க்கு அண்ணி வீட்டில் நல்லதாக ஒரு பதில் வாங்கிக்கொண்டு படுக்கலாம் என்று இருந்தாள்.

அண்ணி அவள் சொன்னதை எல்லாம் கேட்டாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் தனக்கு மட்டும் 'இல்லை' போட்ட கதையைச் சொன்னபோதுகூடச் சிரிக்கவில்லை. தாளை வாங்கி, ஜன்னல் கட்டையில் வைத்து, நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டு மடித்துக் கொடுத்தாள். அக்கா பிரித்தாள். போக விருப்பம். ஏன் என்ற கோட்டில் ஒரே வார்த்தை: மாடிப்படி.

"அண்ணி, விளையாடாதீங்க."

"இதுல என்ன விளையாட்டு? எட்டடி தூரத்துல இருக்கேன். பதினோரு வருஷத்துல ஒரு நாள், அண்ணி உங்களுக்கு என்ன இஷ்டம்னு கேட்டிருக்கியா?"

அக்கா கோபத்தோடுதான் கிளம்பினாள். யாரோ முதுகில் குத்தியதைப் போல இருந்தது. உனக்காகத்தானே இவ்வளவும், உன் ஜன்னல் எதிரே இருக்க வேண்டும் என்றுதானே வீடு வீடாக நாய் மாதிரி அலைந்தேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. சந்தில் நின்று யோசித்தபோது, கத்தினால் அந்தக் கத்தலிலும் அண்ணியின் இஷ்டம் எங்கேயும் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. நேரே கடைக்குப் போய் ஷட்டரைத் தூக்கி, தட்டுக்கு அடியிலிருந்து பன்னிரண்டையும் எடுத்தாள். பதின்மூன்றாவதை அதன் மேல் வைத்தாள். நாற்பதையும் சேர்த்துக் கம்பி கோத்தாள்.

திங்கட்கிழமை நகராட்சி அறையில் பாதிச் சந்து வந்து நின்றது. சோடாபுட்டி ஒன்பது கட்டுரையையும் மேசையில் பரப்பி, எண் எதிலிருந்து எதற்குத் தாவியது என்று காட்டினாள். அக்கா எல்லோர் முன்னாலும், நாற்பது வீட்டுக்கும் பதில் சொன்னது நான்தான் என்றாள். அலுவலர் புதுக் கட்டைப் புரட்டினார். அவர் மோசமான மனுஷன் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"இதுல பதின்மூணு பேர் போறேன்னு எழுதியிருக்காங்களே. இதைக் கொண்டுவராம இருந்திருந்தா உங்க பக்கம் பலமா இருந்திருக்கும்மா."

"எங்க பக்கமா? நாற்பது பேர் என்ன சொன்னாங்களோ அது இது. காலேஜ் படிக்காத நான் மூணு நாள்ல கேட்டுட்டு வந்துட்டேன். ஒன்பது கட்டுரை எழுதினவங்க, அதை வாங்கி வச்ச நீங்க, ஒருத்தராவது மாடி ஏறினீங்களா? வேணும்னா எழுதிக்கோங்க, முதல் குத்தவாளி நான். அடுத்தது நீங்க."

அலுவலர் நோட்டீஸை எடுத்து அந்தத் தொண்ணூற்றேழரை வரியைப் பேனாவால் அடித்தார். இடிப்பது நின்றது. போக விரும்பிய பதின்மூன்று குடும்பத்துக்கு மாற்று வீடு, மற்றவர்களைப் பற்றி வீடு வீடாக விசாரித்த பிறகே முடிவு என்று ஆனது. சந்து அவளைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது. அவளுக்கு யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

அடுத்த மாதம் அண்ணி வீடு மாறினாள். சாமான் போனது வீட்டுக்காரர் ஓட்டும் லாரியிலேயே. புது வீடு நாலாம் மாடி, ஆனால் லிஃப்ட் இருந்தது. அக்கா பாத்திர மூட்டையை நங்கென்று தரையில் வைத்தாள், பெட்டியை நங்கென்று வைத்தாள். வீட்டுக்காரர் கயிறு அவிழ்க்கக் கீழே போனார்.

"கோபமா?" என்றாள் அண்ணி.

"ஆமா."

"யார் மேல?"

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அண்ணி தன் முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொள்வதை அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். பார்த்துப் பழகியதுதான். குடத்தோடு படியில் நின்று நின்று ஏறுகிறாளே, வம்பு பேச ஆள் தேடுகிறாள் என்று ஜன்னலிலிருந்து அவளே எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறாள்.

"எப்ப இருந்து வலிக்குது அண்ணி?"

"ஏழு வருஷமா."

அக்கா பாத்திர மூட்டைக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்காரர் மேலே வந்து, ஏன் அழுகிறாய், சந்தைத்தான் காப்பாற்றியாயிற்றே என்று கேட்டார். அவரையும் ஒரு திட்டு திட்டிவிட்டு, அண்ணியின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.